பத்திரத்தில் யார் பெயர்?

வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கும் திருச்சிப் பக்கத்துத் தொட்டியத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. மகன் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறான். வயது முப்பது. "வாடகைக்குக் கொட்டுற காசுல சொந்தமா ஒரு வீட்டை வாங்கிப் போடுப்பா" என்கிறார் அப்பா. மகனுக்கு லடாக் போக வேண்டும், வியட்நாம் பார்க்க வேண்டும். வீட்டுக்கடன் என்பது இருபது வருடச் சிறை என்கிறான். கேட்பவர்கள் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சமாதானம் பேசுவார்கள். இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

அப்பா முதலீடு என்கிறார். அவர் மனதில் ஓடுவது கல்யாணத் தரகரின் கேள்வி: "பையனுக்குச் சொந்த வீடு இருக்குதா?" பெண்ணுக்கு நகை எவ்வளவு என்று கேட்கும் அதே சந்தையில் பையனுக்குக் கேட்கப்படும் விலை அது. மற்றபடி இவருடைய முதலீட்டு ஞானத்தை வீடு பார்க்கும் நாளில் பார்க்க வேண்டும். வாசல் எந்தத் திசை என்று சொல்ல ஒருவருக்குக் காசு கொடுத்து அழைத்துப் போவார். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொன்னால் "தெரிஞ்சவங்கதான்" என்பார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐம்பது லட்ச ரூபாய்க்குத் தனி வீடு. இந்த அளவுக் கடனுக்கு வங்கி 80 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 40 லட்சம், கைக்காசு 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று, தமிழ்நாட்டில் வாங்கினால், அதற்கு மேலும் எடுத்து வைக்க வேண்டும். வட்டி 8.5 விழுக்காடு, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் வட்டிக்கு மட்டும் 28,300 போய்விடும், அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சம். இருபது ஆண்டு முடிவில் கட்டியிருப்பது 83 லட்சம். புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது. ஆக, 'வரி மிச்சம்' என்று வீட்டுத் தரகர் சொல்வதை அவர் காதில் வாங்கவே தேவையில்லை. வேலை போனாலும் ஆறு மாதத் தவணை கட்டக் கையில் பணம் இல்லாதவன் வாங்கக்கூடாது. வாடகையில் இருப்பது அவமானம் என்று அவனிடம் சொல்பவர் அவனுக்கு நல்லது நினைப்பவர் இல்லை.

மகன் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவன் சொல்லும் சிறைக்குப் பூட்டு இல்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. வீட்டை வாடகைக்கு விடலாம், விற்கலாம், பூட்டிவிட்டு லடாக் வரை போய் வரலாம்.

வீடு இருந்தால் ஊர் சுற்ற முடியாது என்பதைப் பெரியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஈரோட்டில் செல்வமும் சொத்தும் உள்ள குடும்பம். 1931 டிசம்பரில், 52 வயதில், கப்பல் ஏறினார். எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். பிறகும் நாற்பது ஆண்டு ரயிலிலும் வேனிலுமே வாழ்ந்தார். திருச்சி புத்தூரில் இயக்கத்துக்கு மாளிகை இருந்தது. அது அவரை ஒரு இடத்தில் உட்கார வைக்கவில்லை.

ஆனால் அந்தப் பதினோரு மாதமும் ஈரோட்டில் யார் இருந்தார்கள்? நாகம்மையார். வீட்டையும் வருகிறவர் போகிறவரையும் பார்த்துக்கொண்டு, 'குடி அரசு' ஏட்டின் பொறுப்பையும் சுமந்தவர் அவர். கணவர் திரும்பி ஆறு மாதத்தில், 1933 மே 11 அன்று இறந்துபோனார். ஊருக்கெல்லாம் தான் பேசிய பெண் விடுதலையை நாகம்மையிடம் தான் கடைப்பிடிக்கவில்லை என்று அவருக்கு எழுதிய இரங்கலில் பெரியாரே ஒத்துக்கொண்டார். அதை அச்சிலும் போட்டார். தொட்டியத்துத் தம்பியிடம் நான் எதிர்பார்ப்பது அந்த நேர்மையில் ஒரு பங்கு.

அவன் பெரிய பொய் எது என்றால், தனக்கு வீடு இல்லை என்பதுதான். இருக்கிறது, தொட்டியத்தில். அதற்கு மின்கட்டணம் கட்டுவதும், ரேஷன் கடைக்குப் போவதும், அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அம்மா. பங்குனியில் தொட்டியத்து மதுரை காளியம்மன் தேரைத் தோளில் தூக்கப் பிள்ளைகள் ஊருக்கு வந்து சேர்கிறார்கள். அத்தனை பேருக்கும் சோறு வடிக்கிறவளை யாரும் தூக்குவதில்லை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் புண்ணியத்தில் அவள் முசிறி வரை போய் வருகிறாள். அவளுடைய உலகச் சுற்றுலா அவ்வளவு. வேலை வேண்டாம் என்று தோன்றினால் ஊரில் வந்து இருந்துகொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் இவன் சுதந்திரம் பேசுகிறான்.

அந்த வீடும் இவனுக்கு எப்படி வருகிறது? அக்கா கையெழுத்துப் போடுவதால் வருகிறது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு சட்டமாக்க 1989 ஆனது. நாடு முழுக்க 2005. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல். இத்தனைக்கும் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா உட்கார்ந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். "சீர்தான் செஞ்சிட்டோமே" என்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பது அவளுக்குத் தெரியும். வீடு வேண்டுமா, பயணம் வேண்டுமா என்று அவளை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொருவனையும் பார்க்க வேண்டும். அதே அலுவலகத்தில், அதே சம்பளத்தில் வேலை பார்க்கும் தலித் நண்பன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?", "சைவமா?" என்பதில் ஆரம்பிக்கிறது பேச்சு. யாரும் சாதி கேட்காத கதவுதான் அவனுக்குச் சுதந்திரம். கலைஞர் 1997இல் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம் கொண்டுவந்தபோது எல்லாச் சாதிக்கும் அடுத்தடுத்து வீடு, பொதுச் சுடுகாடு என்று வைத்தது இந்தக் கேள்வியை ஒழிக்கத்தான். தவணை தாங்குமென்றால் அவன் வாங்கட்டும். சொந்த வீடு பழைய தலைமுறையின் மூட நம்பிக்கை என்று அவனிடம் போய் உபதேசம் செய்யாதே.

தம்பி, நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்கினால் உன்னைக் கட்டிக்கொள்கிறவள் பெயரையும் பத்திரத்தில் சேர்த்து எழுது. வாங்காவிட்டால் லடாக்கைப் பார்த்துவிட்டு வா. அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடச் சொல்லாதே, போட்டுவிட்டாள் என்றால் அவள் பங்கைத் திருப்பி எழுதிக் கொடு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவின் ஆதாரை வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒரு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடு. அலுவலகம் திருச்சியிலேயே இருக்கிறது, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானமும் அங்கிருந்தே போகிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அதில் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு.