தண்ணீர்ப்பந்தலும் பிளாஸ்ரிக் குவளையும்

ஒருவர் நற்கருத்தோடு செய்யுந் தருமம் பிறவுயிர்க்குத் தீங்காய் முடியுமாயின், அது தருமமாகுமோ, ஆகாதோ? இவ்வினா கற்றோர் ஆராய்ச்சிக்கு மாத்திரம் உரியதன்று. நம் ஆலய வீதிகளிலே ஆண்டுதோறும் எழுவதாம்.

திருவிழாக்காலத்திலே வெயிலில் வாடிவரும் அடியார்க்கு மோரும் சர்க்கரைத்தண்ணீரும் வார்க்குந் தண்ணீர்ப்பந்தல், யாழ்ப்பாணத்துச் சைவர் தொன்றுதொட்டுப் போற்றிவருஞ் சிறந்த அறம். முன்னோர் பனையோலைப் பிளாவிலும், உதடு படாது அருந்துதற்கேற்ற மூக்குப்பேணியிலும் வார்த்தனர். பிளா மண்ணோடு மண்ணாயிற்று. பேணி கழுவப்பட்டு மீண்டும் உதவிற்று. இக்காலத்திலோ ஒருமுறை பருகி எறியும் பிளாஸ்ரிக் குவளை அவற்றின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. அடியார் தாகந் தீர்வது ஒரு கணத்தில். குவளை கிடப்பதோ அவர் பேரன் காலத்துக்கும் அப்பால்.

எறியப்பட்ட அப்பொருள் எங்கே போகின்றது? அது மட்குவதில்லை, வெயிலால் நொறுங்கி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துகள்களாகி, மண்ணிலும் நீரிலுங் கலக்கின்றது. நமது குடாநாடு சுண்ணக்கற் பூமி. வற்றாத ஆறொன்றும் இல்லாத இங்கே கிணற்றுநீரே நமக்கு உயிர்; மேலே இட்ட மாசு கீழே இறங்குதற்குத் தடையோ சிறிது. குப்பையை எரிப்பின் நச்சுப்புகை எழும். சோறு ஒட்டிய பொலித்தீன் பையைப் பசு விழுங்கினால், அது இரைப்பையை அடைத்து மெல்ல மெல்லக் கொல்லும். பசுவுக்குப் புல் கொடுத்தலைப் புண்ணியமெனக் கொள்ளும் நாம், அதன் வாய்க்கு எட்டப் பொலித்தீனை எறிதல் எத்துணைப் பாவம்!

"கொடுத்தவர் யாம், எறிந்தவர் அவர், குற்றம் எம்முடையதன்று" எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. என்னை? எறிதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் கொடுப்பவர், அஃது எறியப்படுமென்பதை அறிந்தே கொடுக்கின்றார். செய்தவினையின் பயன் செய்தவனையே சாரும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. "ஒரு குவளையால் என்ன?" என்பாரும் உளர். களஞ்சியம் நிறைவது ஒவ்வொரு நெல்லாலன்றோ? குப்பைமேடும் அவ்வாறே.

இன்னுஞ் சிலர், "பேணி கழுவ ஆளில்லை" என்பர். இதுவே மெய்யான இடர். ஆயினும், அக்கழுவுதலே தொண்டென்பதை நாம் மறந்தோம். திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முன்றிலிற் புல்லைச் செதுக்கினார். அதற்கு ஆளில்லையென்று அவர் இருந்தாரல்லர். நாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, தூய்மை தெய்வபத்திக்கு அடுத்தபடியிலுள்ளதெனக் கற்பித்தனர். நம் சமயமோ அதனை அடுத்தபடியில் வையாது, வழிபாட்டினுள்ளேயே வைத்தது. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியைத் தொண்டுகளன்றோ! பணங்கொடுத்துக் குவளை வாங்குதல் எளிது. பிறர் பருகிய பேணியைக் கழுவுதலோ நம் அகந்தையையுங் கழுவும்.

இலங்கை அரசாங்கம் 2017 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சமயவிழாக்களிற் பொலித்தீன் அலங்காரத்தையும், 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆந் திகதி முதல் பிளாஸ்ரிக் குவளை, தட்டு, மாலை முதலியவற்றையுஞ் சட்டத்தால் விலக்கியது. ஆயினும் அவை முற்றாய் ஒழிந்தில. சட்டத்துக்கு அஞ்சி விடுதலினும் உயிர்களுக்கு இரங்கி விடுதலே சைவர்க்கு அழகு.

ஆதலால், சைவநன்மக்களே! பந்தலிட விரும்பும் உபயகாரர், சர்க்கரையும் தேசிக்காயும் வாங்குமுன், பேணிகளும், அவற்றைக் கழுவ வெந்நீரும், தொண்டர் சிலரும் உளரோ என நோக்குக. அடியார் அருச்சனைப் பொருள்களைப் பனையோலைப் பெட்டியிலே கொணர்க. கூடுமாயின் செம்பொன்றும் உடன்கொணர்க. நீர் வார்த்த அளவிலே தண்ணீர்ப்பந்தற் றருமம் முடிந்துவிடுவதில்லை. பந்தல் பிரித்த மறுநாட் காலையிலே வீதி முன்போலத் தூயதாய்க் கிடக்குமாயின், அன்றே அது நிறைவெய்தியதாம்.