பொருள் கூறாத ஆடல்

புணேயிலிருந்து அகமத்நகர் செல்லும் நெடுஞ்சாலையில், இன்று பெரிய தொழிற்பேட்டையால் சூழப்பெற்றிருக்கும் ரஞ்சன்காவ், மராட்டியர் போற்றும் அஷ்டவிநாயக க்ஷேத்திரங்களுள் ஒன்று. திரிபுராசுரனை வதைக்கப் புறப்பட்ட சிவபெருமான், விக்நேசுவரரை நினையாது சென்றமையால் முதலில் வெற்றி காணாமல், பின்னர் அவரை வழிபட்டுத் திரிபுரத்தை எரித்தார் என்பதும், அவ்வழிபாடு நிகழ்ந்த இடம் இதுவே என்பதும் இவ்வூர் ஸ்தலபுராணம். நம் அச்சிறுபாக்கத்திலும் ஏறக்குறைய இதே வரலாறுதான். அங்கே தேரின் அச்சு முறிந்தது.

மூன்று புரங்களும் எரிந்தபின் இறைவன் என்ன செய்தான் என்று கேட்டால், தமிழர் தயங்காமல் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு: ஆடினான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிக்காட்டிய பதினோராடல்களுள் முதலில் வரும் கொடுகொட்டியும் பாண்டரங்கமும் திரிபுர தகனத்தைச் சார்ந்த ஆடல்களே. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் இதே செய்தியை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. பிரமன் இயற்றிய 'திரிபுரதாகம்' என்னும் நாடகத்தைப் பரதர் இமயத்தில் சிவபெருமான் திருமுன் நடத்த, அதைக் கண்டு மகிழ்ந்த பெருமான், அந்திவேளையில் தாம் ஆடும் நிருத்தத்தை நினைவுகூர்ந்து, கரணங்களும் அங்கஹாரங்களும் கூடிய அவ்வாடலையும் நாடகத்தின் பூர்வரங்கத்தில் சேர்க்குமாறு பணித்தாராம். கதை ஏற்கெனவே நிறைவாக இருந்தது. தம்முடைய வெற்றியையே கருவாகக் கொண்ட கதை அது. அதற்குமேல் இறைவன் விரும்பிச் சேர்த்தது, கதை எதையும் சொல்லாத ஆடல்.

முனிவர்களுக்கு இது விளங்கவில்லை. பொருளை உணர்த்துவதற்கு அபிநயம் இருக்கிறதே, பாட்டின் அர்த்தத்தோடும் ஒட்டாத இந்த நிருத்தம் எதற்காக என்று அவர்கள் கேட்டார்கள். நிருத்தம் எந்தப் பிரயோஜனத்தையும் எதிர்நோக்கி எழுவதன்று, சோபையை உண்டாக்குவதால் வழக்கில் வந்தது என்று பரதர் விடையிறுத்தார். அதோடு நில்லாமல், மக்கள் இயல்பாகவே அதை விரும்புகிறார்கள் என்றும், கல்யாணத்திலும் மகப்பேற்றிலும் மருமகனை வரவேற்கும் வேளையிலும் அது மங்களமாகக் கொள்ளப்படுகிறது என்றும் சேர்த்துக் கொண்டார். இவ்வளவு பெரிய கேள்விக்கு மருமகன் வரவேற்பை உதாரணமாக எடுத்த அந்த மனத்தின் எளிமை எனக்கு மிகவும் உவப்பானது.

ரஷ்ய மரபில் கிளைத்த நியோகிளாசிக்கல் பாலேக்களையும் சமகால பாலேக்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் காண்பவருக்கு எழும் கேள்வியும் முனிவர்கள் கேட்டதேதான். அம்மரபு கதையில்தான் வளர்ந்தது. மாரியஸ் பெட்டிப்பா 1877-இல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த 'லா பயதேர்', நம் நாட்டுத் தேவதாசி ஒருத்தியைத் தலைவியாகக் கொண்ட கதை. அது சித்திரிக்கும் இந்தியா நமக்கு அந்நியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் மறைந்தவர்களின் நிழலுலகக் காட்சி ஒன்று வருகிறது. வெள்ளுடை அணிந்த மகளிர் சரிவான மேடைவழியே ஒருவர்பின் ஒருவராக இறங்கி, ஒரு காலைப் பின்னே நீட்டி முன்சாய்ந்து, பின்னே வளைந்து, இரண்டடி வைத்து, அதே அசைவை மீண்டும் மீண்டும் செய்துகொண்டே மேடையை நிறைக்கிறார்கள். கதை அந்நேரம் நின்றுவிடுகிறது. நிருத்தம் ஒன்றே நிற்கிறது.

அந்தத் தேவதாசியின் வேடத்தில் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவா பின்னர் இந்தியாவுக்கும் வந்தார். அவரைச் சந்தித்த நம் ருக்மிணி தேவி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றதும், சொந்த நாட்டின் கலையைத் தேடிச் செல் என்ற பாவ்லோவாவின் அறிவுரையை ஏற்றுப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்ததும், 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியதும் பலரும் அறிந்தவை. அவர் பிறந்த அதே 1904-ஆம் ஆண்டில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீன். ஒரே ரஷ்ய ஊற்றில் நீர் பருகிய இவ்விருவரும் நேரெதிர்த் திசைகளில் நடந்தார்கள். ருக்மிணி தேவி 'குற்றாலக் குறவஞ்சி'யையும் இராமாயண நாட்டிய நாடகங்களையும் அமைத்துக் கதைக்கும் பக்திக்கும் அரங்கை அர்ப்பணித்தார். பாலன்ஷீனோ கதையைப் படிப்படியாகக் களைந்துவிட்டு இசையையும் உடலையும் மட்டுமே எஞ்சவிட்டார்.

அவர் அமெரிக்கா சென்றபின் 1934-இல் சாய்கோவ்ஸ்கியின் இசைக்கு அமைத்த 'செரனேட்', திரை எழும்போது, பதினேழு பெண்கள் வலக்கையை ஒளியை மறைப்பார்போல் உயர்த்தி அசையாமல் நிற்பதோடு தொடங்குகிறது. கைகள் மெல்ல இறங்குகின்றன; பின்னர் எல்லாப் பாதங்களும் ஒரே கணத்தில் வெளிப்புறமாகத் திரும்பி, பாலேயின் முதல் நிலைக்கு வருகின்றன. நிகழ்ந்தது அவ்வளவே. நம் அலாரிப்பில் கண்ணும் கழுத்தும் தோளும் முறையே அசைந்து, அரைமண்டியில் உடல் தன்னைச் சொற்கட்டுக்கு ஒப்புக்கொடுப்பதைக் கண்டு பழகியவருக்கு, அந்தக் கணத்தின் கௌரவம் விளக்கமின்றியே புலப்படும்.

இதைத் தேகப்பயிற்சி என்று தள்ளுவோர் உண்டு. பாவம் இல்லாத இடத்தில் பக்தி ஏது, உடலழகைக் காட்டும் கர்வந்தானே எஞ்சும் என்பது அவர்கள் வாதம். கர்வத்திற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணனுக்காக ஏங்கும் நாயகியாக நடிப்பவளுக்கும் அந்த ஆபத்து குறைவன்று. தன் ஏக்கத்தைப் பிறர் மெச்சுகிறார்களா என்று அவள் ஓரக்கண்ணால் பார்க்கலாம். நிருத்தத்தில் தாளம் அவளுக்கு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நம் கச்சேரி மார்க்கமும் அலாரிப்பை முதலிலும் தில்லானாவை முடிவிலும் வைத்து, வர்ணத்தையும் பதத்தையும் நடுவே நிறுத்தியிருக்கிறது. மராட்டிய மண்ணில் பிறந்து சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா, 1985-இல் 'அங்கிகா'வில் தெய்வக் கதைகளை விட்டுவிட்டு உடலையே பொருளாக்கியபோது எழுந்த கலக்கம், இந்த அமைப்பை மறந்ததால் எழுந்ததென்றே நான் கருதுகிறேன்.

நிருத்தம் பிரயோஜனத்தை எதிர்நோக்குவதன்று என்ற பரதரின் விடையை வேதாந்தி கேட்டால் எளிதில் உடன்படுவார். பூர்ணனான ஈசுவரனுக்குச் சிருஷ்டியால் அடையவேண்டிய பிரயோஜனம் எதுவுமில்லை, ஆகவே அது லீலையே என்பது பிரம்ம சூத்திரத்தின் கொள்கை. சைவ சித்தாந்தி அவ்வளவு எளிதில் உடன்படார். உடுக்கையில் படைப்பும் அமைத்த கரத்தில் காப்பும் தூக்கிய திருவடியில் அருளுமாக, கூத்தனின் ஒவ்வோர் அங்கமும் உயிர்களின் பொருட்டே என்று 'உண்மை விளக்கம்' வகுத்திருக்க, பயன் கருதாத கூத்து என்று எப்படிச் சொல்வது? இந்தத் தடையை நான் அலட்சியமாகக் கருதவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமெனில் என் மனம் சித்தாந்தியின் பக்கமே சாயும். ஆனால் உயிர் பயன்பெறுவதற்குக் கதை வேண்டும் என்று சித்தாந்தமும் விதிக்கவில்லை. பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் தில்லைவனத்தில் தவங்கிடந்தது கூத்தைக் காண்பதற்காகவே. கண்டபின் அவர்களுக்குக் குறையேதும் இருக்கவில்லை.