பலனும் கேஸ்கெட்டும்

கீதை என்றதும் நம்மில் பலருக்கு உடனே வாயில் வருவது இரண்டாம் அத்தியாயம், 47-வது சுலோகம்தான். பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்யணும் என்று அதைச் சுருக்கி, டீ சட்டையில் கூட அச்சடித்துப் போட்டுக்கொள்கிறோம். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நான் படிப்பது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். எங்கள் துறையில் பலனைப் பார்க்காமல் எந்த வேலையையும் முடித்ததாகச் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கணும். வால்வு மூடணும். பைப் ஒழுகக் கூடாது. "என் கடமையைச் செஞ்சிட்டேன் சார், பிரேக் பிடிக்கிறதும் பிடிக்காததும் ஆண்டவன் கையில" என்று லேப் ரிப்போர்ட்டில் எழுதினால் லெக்சரர் என்ன மார்க் போடுவார்?

அப்படியானால் கர்ம யோகம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லையா? ஒரு பழைய மோட்டாரைப் பிரித்தபோதுதான் இந்தக் கேள்வியை என்னால் ஒழுங்காக யோசிக்க முடிந்தது.

ஹோண்டா சி 70. தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாமார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 1958-ல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வம்சத்தில் வந்தது. நாம் இன்று கப்சாய் என்று கூப்பிடும் வண்டிகளுக்கு அதுதான் மூதாதை. 72 சிசி, ஒரே சிலிண்டர், 47 மில்லிமீட்டர் பிஸ்டன். நண்பன் ஒருவனின் தாத்தா விட்டுப்போன வண்டி. செமஸ்டர் கட்டணத்துக்காக அவன் அதை விற்க வேண்டிய நிலை. வாங்க வருகிறவர் வெளியூர்க்காரர், இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வண்டியில் ஒரு கோளாறு. சிலிண்டரும் அதன் மேல் உட்காரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்து, புழுதியோடு கலந்து, கறுப்பாகப் படிந்திருந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம். கிக்கர் காலுக்கு லேசாக இருந்தது, அதாவது கம்ப்ரஷனும் குறைகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

நண்பன் சொன்ன வழி சுலபமானது. வெளியே டீசல் போட்டுக் கழுவு, விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பூசு, கறுப்புப் பெயின்ட் அடி, வித்துடு. "ஒரு மாசம் தாங்கும்டா. அதுக்கப்புறம் வாங்குனவன் கர்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கர்மா என்ற வார்த்தையை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் பாருங்கள்! நாம் செய்யும் செயலுக்கான பெயரை, அடுத்தவன் தலையில் கட்டும் கஷ்டத்துக்கு வைத்துவிட்டோம்.

அந்தச் சிலிக்கான் ஏன் தப்பு என்பதற்கு முதலில் எஞ்சினியரிங் காரணம் இருக்கிறது. பெட்ரோல் வெடிக்கும் நொடியில் உள்ளே அழுத்தம் 40 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 47 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் கிட்டத்தட்ட 700 கிலோ எடை ஹெட்டை மேலே தள்ளுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் இப்படித் தள்ளும். கேஸ்கெட் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு இதைத் தாங்குவதில்லை. நாலு நட்டும் சேர்ந்து அமுக்குகிற அமுக்கில்தான் தாங்குகிறது. வெளியே பூசிய சிலிக்கானுக்கு அந்த அமுக்கமே கிடையாது. சரி, ஹெட்டைக் கழற்றி உள்ளே பூசினால்? அது இன்னும் மோசம். இந்த எஞ்சினில் ஆயில் ஒரு சின்ன வழியாகத்தான் மேலே கேம் ஷாஃப்டுக்குப் போகிறது. பிதுங்கி உள்ளே போன சிலிக்கான் அந்த வழியை அடைத்தால் கேம் காய்ந்து ஓடும். கேம் சுற்றுவது நேரடியாக அலுமினிய ஹெட்டில் என்பதால், தேய்ந்தால் மாற்றிப் போட பேரிங் இல்லை. ஹெட்டையே மாற்றணும். அம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், முகம் தெரியாத ஒருவருக்கு எஞ்சினையே கொன்றுவிடுகிறோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய அதே வண்டி அது.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் சூடாகவே வாதாடினோம். அவன் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. "ரிப்பேர் பண்ணிக் கொடுக்கணும்னு எனக்கு என்ன கடமை? லீக் இருக்குன்னு சொல்லி, விலையைக் குறைச்சு விக்கலாமே?" விற்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மறைக்காமல் இருப்பது அவன் கடமை. ரிப்பேர் செய்வது அவன் விருப்பம். ஆனால் ரிப்பேர் செய்வது என்று ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அந்த வேலை நம்முடைய தர்மம் ஆகிவிடுகிறது, அதற்கென்று ஒரு முறையும் வந்துவிடுகிறது. குறைந்த விலைக்குக் கொடுத்தால் கட்டணத்துக்குக் காசு பத்தாது. அதனால் செய்வது என்று முடிவானது.

பெரிய வேலை ஒன்றுமில்லை, பொறுமையான வேலை. கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இரண்டையும் கழற்றி, மேக்னட்டில் இருக்கும் 'டி' குறியை நேராக வைத்து, கேம் செயின் உள்ளே விழாமல் கம்பியில் கட்டி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும். ஹெட் வந்துவிடும். உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். பழைய கேஸ்கெட்டின் துண்டுகள் இரண்டு பக்கமும் கருகி ஒட்டியிருக்கும். அலுமினியம் மெதுவானது, இரும்பு பிளேடு போட்டால் அஞ்சு நிமிடத்தில் சுத்தமாகும், கூடவே கீறலும் விழும். மரத்துண்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் என்று போனால் ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கணும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் கண்ணாடிப் பலகையில் எமரி பேப்பரை விரித்துத் தேய்க்கணும். எங்களுடையது வளைந்துதான் இருந்தது. தேய்த்தோம். புது கேஸ்கெட், புது ரப்பர் சீல்கள், ஆயில் வழி இருக்கும் நட்டுக்குச் செம்பு வாஷர். டார்க் ரெஞ்ச் வைத்து மூன்று கட்டமாக, 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. கடைசியில் டேப்பட் இடைவெளி 0.05.

ஹெட்டை மூடிய பிறகு இதில் எதையும் யாரும் பார்க்க முடியாது. தேய்த்த ஹெட்டும் தேய்க்காத ஹெட்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்க வந்தவர் அந்தப் பக்கம் குனியக்கூட இல்லை. சீட் கிழிந்திருக்கிறது என்று எண்பது வெள்ளி குறைத்தார்!

இங்கேதான் எனக்கு அந்தச் சுலோகம் கொஞ்சம் பிடிபட்டது. நாம் 'பலன்' என்ற ஒரே பையில் இரண்டு சாமான்களைப் போட்டுவிடுகிறோம். ஹெட் ஒழுகாமல் இருப்பது ஒன்று. அதற்காகக் கிடைக்கும் விலையும் பாராட்டும் இன்னொன்று. முதலாவது வேலைக்குள்ளேயே சேர்ந்தது. ஒழுகினால் வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். நம் உரிமைக்குள் வராத பலன் இரண்டாவதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தச் சுலோகத்தின் கடைசிப் பகுதியை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறது அது. மூன்று சுலோகம் தள்ளி, 50-ல், செயலில் திறமையையே யோகம் என்கிறது. அரைகுறையாகச் செய்துவிட்டு பலனை நான் பார்ப்பதில்லை என்று சொல்ல அங்கே இடமே இல்லை. நம் பக்கத்தில் வள்ளுவரும் வினைத்தூய்மை என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார்.

இதை மோட்டாரோடு நிறுத்த எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் பாடம் பார்க்காமல் போய், "சேவைதானே" என்று சமாளிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு அண்டாவைச் சரியாகக் கழுவாமலே அடுத்த மோரைக் கலக்குவார்கள், கேட்டால் "சும்மாதானே கொடுக்கறோம்". காசு வாங்காததால் வேலையின் அளவுகோல் குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் வெயிலில் நடந்து வந்தவர்களும் ஹெட்டின் உள்பக்கத்தைப் பார்க்க முடியாதவர்கள். நம்மை நம்பித்தான் வாங்கிக் குடிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குழி உண்டு, அதில் எஞ்சினியரிங் பிள்ளைகள் சுலபமாக விழுவோம். 0.05 போதும் என்று புத்தகம் சொன்னாலும், 0.00 வரும்வரை தேய்ப்பேன் என்று நிற்பது. தேய்க்கத் தேய்க்க ஹெட் மெலியும், கம்ப்ரஷன் அளவு மாறும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும். அதுவும் பற்றுதான், இந்த முறை பற்று காசின் மேல் இல்லை, என் கைத்திறமையின் மேல். அளவு வந்ததும் எமரி பேப்பரைக் கீழே வைக்கத் தெரியணும்.

நண்பன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு சனிக்கிழமையும் கேஸ்கெட் காசும் போனதுதான் மிச்சம், சிலிக்கான் பூசியிருந்தாலும் அதே விலைதான் கிடைத்திருக்கும் என்கிறான். விலையைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி.