ருசித்தவர், குடித்தவர்

கலிஃபோர்னியாவில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருவன், போன பிப்ரவரியில் தன் வீட்டு மேசையில் இரண்டு சின்ன கிளாஸ்களை வைத்து 'பார்லி ஒயின்' ஊற்றினான். பேரில்தான் ஒயின், உள்ளே ஒரு திராட்சைகூட இல்லை. முளைகட்டிய பார்லியில் செய்த பீர்தான், ஆனால் சாதா பீரைப் போல இரண்டு மடங்கு வலு. இங்கிலாந்தில், முக்கியமாக பர்ட்டன் ஊரில், பேர் வாங்கிய சரக்கு. அவன் ஊற்றியது சியரா நெவாடா என்ற நிறுவனம் 1983 முதல் செய்துவரும் பிக்ஃபுட். 9.6 சதவீதம். குளிர்காலத்தில் மட்டும் வரும், புட்டியில் வருஷம் போட்டிருக்கும். ஒரு கிளாஸில் அந்த வருஷத்தது, இன்னொன்றில் ஐந்து வருஷம் அலமாரியில் வைத்திருந்தது.

நாக்கில் பட்டதும் எனக்குப் பெண்ணாடம்தான் வந்தது. இறையூர் ஆலையில் கரும்பு அரவை நடக்கும் நாட்களில் காற்று நம்ம பக்கம் திரும்பினால் வருமே, பாகு கருகின மாதிரி ஒரு வாசம், அது. பின்னாலேயே வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. பழைய புட்டியில் அந்தக் கசப்பு தணிந்து, பேரீச்சம்பழம் மாதிரி ஏதோ ஒன்று மேலே வந்திருந்தது. தோழன் ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறான், வருஷவாரியாக. அரை மணி நேரத்தில் நாங்கள் குடித்தது ஆளுக்கு நாலு மடக்கு. அவன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பெண்ணும் கேட்டதில்லை.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. மாசி, பங்குனியில் பனை இறங்கும் காலம். மரம் ஏறுகிறவர் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தாத்தா ஒரு வாய் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் இறக்குவார். "இது கிழக்கு வரப்பு மரம்டா. கலயத்த சரியா கழுவல அவன்" என்பார். ஏறினவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். ஹியூம் 1757இல் ரசனை பற்றி எழுதிய கட்டுரையில், சான்ச்சோ பான்சாவின் சொந்தக்காரர்கள் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சோதிக்கும் கதையைச் சொல்கிறார். ஒருவர் நல்ல ஒயின், ஆனால் தோல் வாசம் இருக்கிறது என்றார். இன்னொருவர் இரும்பு வாசம் என்றார். ஊரே சிரித்தது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வாரில் கட்டிய சாவி கிடந்தது. அந்தக் கதையைப் படித்தபோது, தாத்தாவை அந்த வரிசையில் உட்கார வைக்க எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

ஆனால் ஊர் அவரைக் 'குடிகாரன்' என்றது. என் தோழனை அப்படி யாரும் சொல்வதில்லை. அவன் குடித்ததுதான் வலு கூடின சரக்கு, கள்ளில் இருப்பது அதில் பாதி தேறினால் உண்டு. அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? சரக்கிலா, நாக்கிலா, ஆளிலா?

அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் புத்தகத்தில், ருசியைப் பிரித்தறிவது ஒயின் சோதிப்பவர்களின் வேலை, சமையல்காரர்களின் வேலை என்கிறார். கட்டுப்பாடில்லாதவனுக்கு அதில் இன்பமே கிடையாது, அவனுக்கு வேண்டியது தொண்டையில் இறங்குகிற அந்தத் தொடுகை மட்டும்தான். அதனால்தான் ஒரு பெருந்தீனிக்காரன் தன் தொண்டை கொக்கின் கழுத்தைவிட நீளமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம். இதன்படி ருசிப்பதும் வெறியும் எதிரெதிர்த் திசை. ருசிக்கிறவன் நின்று கவனிக்கிறான், வெறிகொண்டவன் தாண்டிப் போகப் பார்க்கிறான்.

வள்ளுவரிடமும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளிலும் கள்ளின் ருசி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெற்ற தாய் முகம், ஊரார் சிரிப்பு, நஞ்சு, அறிவிழப்பு என்றே போகும். அதே ஆள் காமத்துப்பாலுக்கு வந்ததும், காதலின் இன்பத்தைச் சொல்லக் கள்ளைத்தான் ஒப்புக்கு எடுக்கிறார், ஒரு தடவை இல்லை, பல தடவை. இனிமை தெரியாமல் அந்த ஒப்புமை வராது. சங்கப் பாட்டுகளில் மூங்கிலுக்குள் அடைத்து நாள்பட விளையவைத்த தேறல் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்கூழை ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிடும் முறை அப்படியே இருக்கிறது. முளைகட்டின தானியத்தால் மாவை இனிப்பாக்கி நொதிக்கவிடுவது, பார்லி ஒயினிலும் அதே சங்கதிதான். அலமாரியில் ஐந்து வருஷம் வைக்கிற நுணுக்கம் எங்கிருந்தோ இறங்கி வந்தது இல்லை.

இதுவரை எழுதியதை நான் தோழனிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கருணாபுரம் குறுக்கே வந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்களுக்கு விருத்தாசலம் தாண்டினால் அந்தப் பக்கம்தான். சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. எத்தனாலுக்கும் அதற்கும் வாசத்திலும் ருசியிலும் பிரித்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறினபிறகுதான் கண் மங்கும். (இதற்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. இரண்டும் கல்லீரலில் ஒரே நொதிக்குப் போட்டி போடும், எத்தனால் முந்திக்கொள்ளும்.) பீப்பாயில் சாவியைக் கண்டுபிடித்த அந்த இருவரும், கலயம் கழுவாததைக் கண்டுபிடித்த தாத்தாவும் அந்தப் பாக்கெட்டைக் குடித்திருந்தால் செத்துத்தான் போயிருப்பார்கள்.

அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தபோது டீக்கடையில் கேட்டது இது: "குடிச்சிச் செத்தவனுக்கு எதுக்குய்யா பணம்?" நானும் உள்ளுக்குள் தலையாட்டினேன், பொய் சொல்லவில்லை. அரிஸ்டாட்டிலை வைத்துக்கொண்டு நான் செய்ததும் அதேதான். ருசிக்கிறவனை மேலே ஏற்றினால், விழுங்குகிறவன் தானாகக் கீழே போகிறான். கூலிக்குப் போய்விட்டு வந்து பாக்கெட்டைக் கடித்து ஒரே மூச்சில் இறக்குகிறவனுக்கு நின்று ருசிக்க அங்கே என்ன இருக்கிறது? 1987 தொடக்கத்தில் கள்ளுக்கடை மூடினபிறகு தாத்தாவும் அப்படித்தான் ஆனார். கண்ணை மூடிக்கொண்டு பிராந்தியை ஊற்றி, அவசரமாக ஊறுகாயை நக்குவார். நம்ம ஊரில் விற்கும் பிராந்தி, ரம்மில் பெரும்பாலானது மொலாசஸ் சாராயத்தில் நிறமும் எசன்சும் சேர்த்தது. அதில் எந்த மரம் என்று சொல்ல மரமே இல்லை. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது, அப்போது தாத்தா இல்லை, அப்பா இருந்தார்.

பெண்ணாடத்துக்காரர் கலிக்கம்ப நாயனார் கதை எனக்குச் சின்ன வயசிலிருந்தே உறுத்தும். முன்பு வீட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவன் சிவனடியார் வேஷத்தில் வருகிறான். அவன் காலைக் கழுவ நீர் வார்க்க மனைவி ஒரு கணம் தயங்குகிறாள். நாயனார் அவள் கையை வெட்டிவிட்டுத் தானே நீர் வார்க்கிறார். நான் எப்போதும் மனைவி பக்கம். ஆனாலும் அவர் சொல்ல வந்தது புரிகிறது. வந்தவன் யார் என்ற பழைய கணக்கு அந்த நேரத்தில் செல்லாது. சாவு வீட்டு வாசலிலும் செல்லாது. செத்தவன் ருசித்தானா, விழுங்கினானா என்பது இரங்கலுக்குத் தகுதித் தேர்வு ஆக முடியாது.

கள்ளைத் திறக்கச் சொல்கிறவர்கள் அது உணவு என்கிறார்கள். கேரளாவிலும் புதுச்சேரியிலும் கடை இருக்கிறதே என்கிறார்கள். பனை ஏறுகிறவன் பிழைப்பை நினைத்தால் எனக்கும் திறக்கலாம் என்றே படுகிறது. ருசியைக் காரணம் காட்டி மட்டும் அதைக் கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

தோழன் ஒரு புட்டி கொடுத்தனுப்பினான். வீட்டில் அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பனங்கள்ளு மாதிரிதான் இதுவும், ஒரு காலத்துல மட்டும் வரும், கொஞ்சமா ருசிச்சுப் பாக்கறதும்மா என்று விளக்கினேன். தாத்தா நாக்கைப் பற்றியும் சொன்னேன்.

"உங்க தாத்தா நாக்கு நல்ல நாக்குதான்," என்றார் அம்மா. "அவரு வாங்கிட்டு வரச் சொல்லித்தான் உங்கப்பா மொதல்ல கடைக்குப் போனாரு. அப்ப அவருக்கு வயசு பதினாலு."

புட்டி பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வைத்தது அம்மாதான்.