சாவா மூவாப் பேராடு: மலையகப் பெண்கள் அமைப்புகளும் கொடையின் காலமும்

கொடுத்தல் நன்று என்பதில் அறநூலார் அனைவரும் ஒருமித்தவர். யாருக்குக் கொடுத்தல் வேண்டும், எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்பனவும் விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. எத்துணைக் காலத்துக்குக் கொடுத்தல் வேண்டும் என்னும் வினாவோ அவ்வாறு ஆராயப்பட்டதாகத் தோன்றவில்லை. வளர்முக நாடுகளின் அடித்தள மக்களிடையே இயங்கும் பெண்கள் அமைப்புகள் பெறும் உதவியைக் குறித்துச் சிந்திப்போர்க்கு இவ்வினாவே தலையாயது. கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் அது மேலும் கூர்மை பெறுகின்றது.

கண்டி நகர் தோட்ட மக்களுக்கான தொண்டு முயற்சிகளுக்கு நெடுங்காலமாக நிலைக்களனாக இருந்துவருகின்றது. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972-இல் சத்தியோதய நிலையத்தை இங்கேயே தொடங்கினார். 1991-இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் தோன்றியதும் இந்நகரிலேதான். இத்தகைய நிலையங்களின் துணையுடன் தோட்டங்களில் உருவாகும் பெண்கள் குழுக்களின் வாழ்வு பெரும்பாலும் வெளிநாட்டு உதவியின் கால அட்டவணையோடு பிணைந்துள்ளது. செயற்றிட்டமொன்றின் ஆயுள் வழக்கமாக இரண்டாண்டு அல்லது மூன்றாண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளோ விடியுமுன் அடுப்படியில் தொடங்கி, பிரட்டுக்களம், மலை, கொழுந்து மடுவம் எனச் சுழன்று, இரவில் மீண்டும் அடுப்படியிலேயே முடிகின்றது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றே கூட்டத்துக்கு எஞ்சும். அதிலும் கணவனின் ஐயம், தலைவரின் முகச்சுளிப்பு, தோட்ட நிருவாகத்தின் அனுமதி ஆகியவற்றைக் கடந்தே அவள் வருதல் வேண்டும். முதலாண்டு அவள் வந்து அமர்வதிலேயே கழிகின்றது. இரண்டாம் ஆண்டில் பிள்ளையின் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை என்பன பற்றிப் பேசுகின்றாள். வீட்டிலே தான் அடிபடுவதை அவள் வாய்விட்டுச் சொல்லும் காலம் வரும்போது, இறுதி அறிக்கை எழுதும் காலமும் வந்துவிடுகின்றது.

இஃது இம்மலைகளுக்கு மட்டும் உரிய நிலையன்று. அபிவிருத்தியில் பெண்களின் உரிமைகளுக்கான சங்கம் என்னும் உலக அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 740-இற்கும் மேற்பட்ட பெண்கள் அமைப்புகளின் இடைநிலை ஆண்டு வருமானம் 2010-இல் 20,000 அமெரிக்க டொலரே எனக் கண்டது. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பல்லாண்டு நிதியை ஒருபோதும் பெற்றதில்லை.

ஈண்டு வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை நோக்கற்பாலது. ஈகை வறியவன் கையில் நேராக இடுவது. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளோ ஊருணி, பயன்மரம், மருந்துமரம் என்பன. மூன்றும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை. வேண்டியவர் வேண்டியபோது வந்து கொள்பவை. மூன்றாண்டு நீர் நிறைந்து நான்காமாண்டு அறிவித்தலுடன் வற்றும் குளத்தை எவரும் ஊருணி எனக் கூறார். இன்றைய உதவியின் பெரும்பகுதி ஒப்புரவுமன்று, ஈகையுமன்று. குறித்த தொகைக்குக் குறித்த பயனைக் குறித்த நாளில் பெறும் கொள்வினை அது. பெண்கள் அமைப்பு அங்கே ஒப்பந்தகாரராகிவிடுகின்றது.

நம் முன்னோர் இச்சிக்கலுக்கு வேறொரு விடை கண்டனர். சோழர் காலக் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. இடையன் அவற்றைப் பேணி நாள்தோறும் உழக்கு நெய் அளப்பான். பழையவை இறப்பினும் புதியவை பிறந்து மந்தையின் தொகை குன்றாமையின், கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. இவ்வழக்கம் கடல் கடந்தும் வந்தது. திருகோணமலைக்கு அண்மையில் இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற பௌத்தப் பள்ளியின் தமிழ்க் கல்வெட்டுகளும் விளக்குகளும் பசுக்களும் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன. கொடுத்தவர் நெய்யைக் கொடுக்கவில்லை. நெய்க்கு மூலமானதைக் கொடுத்தார். எந்த ஆட்டை எந்த மேய்ச்சலுக்கு ஓட்டுவது என்று அவர் கட்டளை இடவுமில்லை.

நீண்டகால உதவி சார்ந்திருக்கும் மனப்பான்மையை வளர்க்கும் என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. இவர்கள் தற்சார்புக்கு எடுத்துக்காட்டும் அகமதாபாத்தின் சேவா சங்கம் 1974-இல் தன் வங்கியைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் இட்டனர் என்பது உண்மை. ஆயின் 1972-இல் அச்சங்கம் பிறந்தது நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவிலிருந்தே. 1981-இல் வெளியேற்றப்படும் வரை அதன் நிழல் சேவாவுக்கு இருந்தது. தற்சார்பு வந்தது நெடிய ஆதரவின் பின்னரே. அந்நிழலுக்கு உரியவர் விரும்பாதபோது அது விலக்கப்பட்டதையும் மறத்தலாகாது.

மலையகத்தில் இவ்வாதத்துக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. இங்கே பெண்கள் உதவி பெறுவோராக மட்டும் இருந்தவரல்லர். நெடுங்காலமாக நிதி வழங்கிவருபவரும் அவர்களே. தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையினர் பெண்கள். தொழிற்சங்கச் சந்தா அவர்களுடைய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டு வந்துள்ளது. எந்த வெளிநாட்டு நிதியத்திடமும் காணவியலாத ஒழுங்கு அது. அவ்வாறிருந்தும் சங்கத் தலைமையில் அவர்களைக் காண்பது அரிதாயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984-இலேதான். எனவே, பணம் நீண்டகாலம் வருவது மட்டும் போதாது. அதனை யார் கையாளுவது என்பதும் உடனெழும் வினாவாகும்.

செங்கொடிச் சங்கப் பெண்களின் முன்னெடுப்பில் 2012-இல் உருவான வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம் இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. தோட்டத்தில் சந்தாவைக் கழிக்கச் சம்பளக் காரியாலயம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் தனித்து வேலைசெய்யும் பெண்ணிடம் அதனைப் பெற ஒருவர் நேரில் செல்லுதல் வேண்டும். சென்றுவரும் பேருந்துக் கட்டணமே சந்தாவை விழுங்கிவிடக்கூடும். தலைமை பெண்களிடமே இருக்கின்றது, முதல்தான் இல்லை. இத்தகைய அமைப்புக்கு வேண்டியது மற்றொரு பயிற்சிப் பட்டறையன்று. பேருந்துச் செலவையும் அலுவலக வாடகையையும் பத்தாண்டுக்குத் தாங்கும் மந்தை அதற்கு வேண்டும். செயற்றிட்ட விண்ணப்பங்களில் இவ்விரண்டும் ‘நிருவாகச் செலவு’ என்னும் தலைப்பின் கீழ் முதலில் வெட்டப்படுவன என்பது விண்ணப்பம் எழுதிப் பழகியோர் அறிந்ததே.

2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, உலகெங்கும் பல அமைப்புகள் ஒரே வாரத்தில் ஊழியரை வீட்டுக்கு அனுப்பின. நிறுத்தும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு என்பது சட்டம். ஒரு பெண் தன் வீட்டு இரகசியத்தை நம்பி ஒப்படைத்தபின், அந்நம்பிக்கைக்கு இடமாக இருந்த கதவை மூடும் உரிமை உண்டா என்பது வேறு வினா. எமது கருத்தில் அவ்வுரிமை இல்லை. நம்பச் செய்தவரே நம்பிக்கையின் காலத்துக்கும் பொறுப்பாவர். ஆதலின் வழங்குவோர் தம் நிதியை, இப்பகுதிப் பெண்கள் சங்கங்கள் கூட்டாக நிருவகிக்கும் பொது முதலாக வைத்தல் தகும். கணக்கு அவர்களது உறுப்பினர் கூட்டத்தில், அவர்கள் பேசும் மொழியில் வாசிக்கப்படுதல் வேண்டும். வழங்கியவரும் வந்து பின்வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்கலாம்.