கப்பலில் இருப்பவர் யார்?



விளையாட்டில் ஒருவனைக் கொன்றால் பாவம் உண்டா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். சதுரங்கத்தில் சிப்பாயை வெட்டக் கொடுத்து மந்திரியைக் காப்பாற்றுகிறவனை எவரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. மரக்கட்டைக்கு உயிரில்லை. அதற்காக அழும் தாயும் இல்லை. ஆகவே "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். சட்டத்தைப் பொறுத்தவரை அது சரியான பதிலும்கூட. ஆயினும் சட்டத்தின் பதில் முடிந்த பிறகும் உள்ளத்தைப் பற்றிய ஒரு கேள்வி மிஞ்சுகிறது. உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு அந்தக் கேள்வியை ஆராய்வோம்.

1977-ம் ஆண்டு அமெரிக்காவில் மார்க் மில்லர் என்பவர் "டிராவலர்" என்ற ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரிலிருந்த கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். அவர்களில் ஒருவர் நடுவர். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதரின் இடத்தில் இருந்து பேசுவார். ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் பொறியாளர், ஒருவர் ஓய்வு பெற்ற படைவீரர். கதை நடப்பது வெகு தொலைவான எதிர்காலத்தில், நட்சத்திரங்களுக்கு இடையே. அங்கே கப்பல் ஒரு பாய்ச்சல் பாய ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். கப்பலைவிட வேகமாகச் செய்தி போக வழியில்லை என்பது ஆட்டத்தின் விதி. எனவே போர் மூண்டால் தலைநகரின் கட்டளைக்குக் காத்திருக்க இயலாது. அங்கங்கே இருப்பவர்கள்தாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். நமது வழக்கில் சொன்னால், மஷ்வரா செய்ய வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் மனிதரின் முன் வாழ்க்கையைப் பகடை உருட்டி உருவாக்க வேண்டும். 18 வயதில் படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்ந்து, நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வரவேண்டும். 1977-ன் முதல் விதிகளின்படி, அதற்குள்ளேயே பகடை சரியாக விழாவிட்டால் அந்த மனிதர் இறந்து போவார். ஆட்டம் தொடங்குமுன்பே மரணம்! இதைக் கேட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் இப்படித் தப்பிப் பிழைத்து மேசைக்கு வந்த மனிதரை அதை ஆடுகிறவர் எளிதில் சாகக் கொடுக்க மாட்டார். "இவரை முன்னே அனுப்புவோம்" என்று மற்றவர்கள் திட்டம் போட்டால், "நான் ஏன் போக வேண்டும்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திட்டம் நகராது.

(பகடை ஆட்டங்களைப் பற்றி ஹதீஸிலும் பிக்ஹு நூல்களிலும் வந்துள்ள கண்டிப்பு தனி விஷயம். இக்கட்டுரை பத்வா அல்ல. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.)

இனிச் சம்பவத்திற்கு வருவோம். இதே ஆட்டத்தின் கப்பற்படை விதிகளைக் கொண்டு ஒரு போட்டி நடத்தப்பட்டது. ஒரு லட்சம் கோடி கற்பனைப் பணம் கொடுக்கப்படும். அதற்குள் ஒரு விண்வெளிக் கப்பற்படையை வடிவமைத்துக்கொண்டு வந்து மோத வேண்டும். இங்கே கப்பல் என்பது காகிதத்தில் எழுதிய ஒரு வரிசை எண்கள். கவசத்துக்கு ஓர் எண், ஆயுதத்துக்கு ஓர் எண், வேகத்துக்கு ஓர் எண். ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை மாலுமிகள் இருக்க வேண்டும் என்பதற்கும் விதியில் கணக்கு உண்டு. ஆனால் அந்த மாலுமிகளின் சார்பில் பேச மேசையில் எவரும் இல்லை.

1981-ம் ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த போட்டிக்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் லெனட் என்ற கணினி அறிஞர் வந்தார். இத்தகைய போர் ஆட்டங்களில் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் "யூரிஸ்கோ" என்ற கணினி நிரலை அவர் எழுதியிருந்தார். ஆட்டத்தின் விதிகள் அனைத்தையும் அதற்குள் புகுத்தி, இரவெல்லாம் ஓடவிட்டு, காலையில் வந்து விளைவைப் பார்ப்பார். பயனற்றதைத் தள்ளி, நல்லதை எடுத்துக்கொண்டு, மீண்டும் ஓடவிடுவார். மற்றவர்கள் பெரிய பெரிய கப்பல்கள் சிலவற்றோடு வந்தபோது, அவர் மெதுவாக நகரும், கனத்த கவசமும் நிறைய ஆயுதமும் கொண்ட சிறு கப்பல்களின் பெருங்கூட்டத்தோடு வந்தார். பார்த்தவர்கள் வியந்தார்கள். அவர் வென்றார்.

மறு ஆண்டு போட்டி நடத்துவோர் விதிகளை மாற்றினார்கள். கப்பற்படை முழுவதும் சுறுசுறுப்பாக நகர வேண்டும் என்பது இப்போது முக்கியமாயிற்று. 1982-லும் லெனட் வந்தார், மீண்டும் வென்றார். இம்முறை கண்டறியப்பட்ட தந்திரங்களில் ஒன்று இது: அடிபட்ட கப்பல் படையின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே அடிபட்ட தன் கப்பலைத் தானே அழித்துவிட வேண்டும். அழித்ததும் மீதிப் படை பழைய வேகத்தைப் பெற்றுவிடும்!

இனியும் அவர் கலந்துகொண்டு வென்றால் போட்டியையே நிறுத்திவிட நேரிடும் என்று நடத்துவோர் சொல்ல, அவர் ஒதுங்கிக்கொண்டார். மாலுமிகளுக்காக இரங்கி அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆட்டத்தின் சுவை கெடுகிறது என்பதே அவர்கள் குறை. வெற்றியில் 60 பங்கு தம்முடையது, 40 பங்கு இயந்திரத்துடையது என்று லெனட் பின்னர் எழுதினார். 2023-ல் அவர் காலமானார். அவர் பாவம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு விதியை மீறவுமில்லை, ஓர் உயிரைப் போக்கவுமில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அடிபட்ட அந்தக் கப்பலுக்குள் கணக்குப்படி மாலுமிகள் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

"கற்பனைக் கப்பலில் ஏது மாலுமி?" என்று நீங்கள் கேட்கலாம். இன்னொரு கற்பனைக் கப்பலைக் காட்டுகிறேன். இது நமது மதரஸாக்களில் உசூலுல் பிக்ஹு படிப்பவர்களுக்குப் பழக்கமான கப்பல். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் "அல்முஸ்தஸ்பா" என்ற நூலில் ஒரு மஸ்அலாவை எடுத்துக்கொள்கிறார்கள். நடுக்கடலில் ஒரு கப்பல் மூழ்கப் போகிறது. ஒருவரைக் கடலில் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள், தள்ளாவிட்டால் அனைவரும் மூழ்குவார்கள். தள்ளலாமா? கூடாது என்கிறார்கள் இமாம் அவர்கள். சீட்டுக் குலுக்கி எடுத்தும் தள்ளக் கூடாது. எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் ஒரு நிரபராதியின் உயிரை ஹலாலாக்கிவிடாது.

அதே இடத்தில் போர்க்களத்து மஸ்அலா ஒன்றையும் அவர்கள் பேசுகிறார்கள். எதிரிகள் முஸ்லிம் கைதிகளைக் கேடயமாக முன்னிறுத்தி வருகிறார்கள். தாக்கினால் கைதிகள் சாவார்கள். தாக்காவிட்டால் சமுதாயம் முழுவதும் அழியும், அந்தக் கைதிகளும் தப்ப மாட்டார்கள். அங்கே இமாம் அவர்கள் வழிவிடுகிறார்கள். ஆனால் மூன்று பூட்டுகளைப் போட்ட பிறகே வழிவிடுகிறார்கள். நிர்ப்பந்தம் தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும், விளைவு சந்தேகமற்றதாக இருக்க வேண்டும், ஆபத்து முழுச் சமுதாயத்தையும் சூழ்ந்ததாக இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை.

இப்போது இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கற்பனை. இரண்டையும் அறிவுள்ளவர்களே கற்பனை செய்தார்கள். ஒன்றில் தள்ளப்படப் போகும் மனிதன் நமக்குத் தெரிகிறான். அவனைச் சுற்றித்தான் விவாதமே நடக்கிறது. மற்றதில் வேகம் என்ற எண் மட்டுமே தெரிகிறது. ஆகவே குற்றம் கற்பனையின் மேல் இல்லை. நமது இமாம்கள் நடக்காத விஷயங்களையும் கற்பனை செய்து சட்டம் ஆராய்ந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. அமைதியாக அமர்ந்து யோசிக்கும்போது மனிதனைக் காணப் பழகாத கண், நெருக்கடி வேளையில் திடீரென்று அவனைக் காணப் போவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. "போர் என்றால் சிலரை இழக்கத்தானே வேண்டும்? எந்தத் தளபதி ஆளைச் சாவுக்கு அனுப்பவில்லை?" உண்மை. ஆனால் விவரம் அறிந்து ஒப்புக்கொண்டு வருகிறவனை ஆபத்துக்கு அனுப்புவது வேறு. காயம் பட்டுப் பின்தங்கியவனை, பின்தங்கினான் என்பதற்காகவே அழிப்பது வேறு. இந்த வேறுபாட்டை வரலாற்றில் காணலாம்.

ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) பத்ருக்கு முன்பு பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். முஹாஜிர்கள் எழுந்து சம்மதம் சொன்னார்கள். ஆயினும் அண்ணலார் மீண்டும் கேட்டார்கள். காரணம், அன்சாரிகள் அகபாவில் கொடுத்த வாக்கு மதீனாவில் வைத்துப் பாதுகாப்பதற்கே. வெளியே சென்று போரிடுவது அந்த வாக்கில் இல்லை. தோளில் சுமை ஏறப் போவது எவருக்கோ, அவர் வாயிலிருந்து சம்மதம் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அன்சாரிகளின் சார்பில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் எழுந்து பேசிய பிறகே முகம் மலர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 5-ல் (கி.பி. 627) அகழ்ப் போரின்போது, கத்பான் கூட்டத்தாருக்கு மதீனாவின் பேரீச்சம் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. அது நல்ல ராஜதந்திரம்தான். ஆனால் தோட்டங்கள் அன்சாரிகளுடையவை. ஆகவே ஸஅத் இப்னு முஆத் (ரலி), ஸஅத் இப்னு உபாதா (ரலி) ஆகிய இருவரிடமும் கேட்கப்பட்டது. இது இறைக் கட்டளையா, அல்லது எங்கள் நலன் கருதிய யோசனையா என்று அவர்கள் விசாரித்தார்கள். யோசனைதான் என்று அறிந்ததும் வேண்டாம் என்றார்கள். பெருமானாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மஷ்வராவின் பலன் நல்ல தந்திரம் கிடைப்பது மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தந்திரத்தை இயந்திரமும் தரும், ஒருவேளை நம்மைவிட நன்றாகவே தரும். ஆனால் முடிவின் சுமையைத் தாங்கப் போகிறவன் சபையில் இருந்து, "அந்தக் கப்பலில் இருப்பவர் யார்?" என்று கேட்க முடிவதும் மஷ்வராவின் பலனே. நட்சத்திரக் கதை ஆடிய மேசையில் அந்தக் கேள்வி விளையாட்டாகவேனும் உயிரோடு இருந்தது. எண்களின் போட்டியில் அதைக் கேட்க ஆள் இல்லை. இயந்திரத்தின் மேல் பழி போடுவதற்கும் இடமில்லை, அதற்கு அமானிதம் என்பது கிடையாது. காலையில் வந்து விளைவைப் பார்த்து எடுத்துக்கொள்கிற மனிதனுக்கே அது உண்டு.

இது 1982-ல் முடிந்துபோன கதையும் அல்ல. 2017-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மேவன் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆளில்லா விமானங்கள் எடுக்கும் படங்களில் பொருள்களை இனங்காணும் வேலையைக் கணினியிடம் கொடுத்தது. அன்று மேசைமேல் இருந்த விஷயம் இன்று மெய்யான ஊர்களின் மேல் பறக்கிறது. இங்கே எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் கற்பனை மாலுமிகள் அல்லர்.

அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். பயணங்களில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னால் தங்கி வருவார்கள், தளர்ந்து போனவரின் வாகனத்தைத் தட்டி ஓட்டிவிடுவார்கள், நடக்க இயலாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கூட்டத்தின் வேகம் குறைந்தது என்பது அங்கேயும் உண்மைதான். குறைந்த வேகத்துக்கு அண்ணலார் கண்ட பரிகாரம் அது.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கைப்பேசியில் தோழர்களோடு சேர்ந்து படை நடத்துகிறார்கள். "அவனை விட்டுவிட்டு வா, அவன் போனால் போகட்டும்" என்ற கூச்சல் உங்கள் கூடத்திலும் கேட்டிருக்கும். அது தொழுகை நேரத்தைத் தின்கிறதா, பணம் வைத்து ஆடுகிறார்களா என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து, கோபமில்லாமல், "விட்டுவிட்டு வந்தாயே, அவன் யார்?" என்று ஒரு முறை கேளுங்கள். அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்திருக்கட்டும். நாளை அவன் ஒரு ஜமாஅத்தின் சபையிலோ, ஓர் அலுவலகத்திலோ, தன் குடும்பத்திலோ முடிவெடுக்க அமரும்போது, பின்தங்கிய ஒருவரைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்று எல்லோரும் சொல்லும் வேளை வரலாம். அப்போது அந்தச் சபையில் அதைக் கேட்க ஓர் ஆள் இருப்பான்.

எவரையும் வெறும் எண்ணாகக் காணாத பார்வையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.