ஓட்டம் யாருடைய செயல்?

2015ஆம் ஆண்டுப் பருவத்தில் அலபாமா பல்கலைக்கழக அணியின் டெரிக் ஹென்றி 395 முறை பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். மொத்தம் 2,219 கஜம் முன்னேறினார், 28 முறை டச்டவுன் எடுத்தார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தனி ஆட்டக்காரருக்குத் தரப்படும் மிகப் பெரிய கௌரவமான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. ஜோ மூர் விருது என்ற புதிய விருதும் அதே பருவத்தில்தான் தொடங்கியது. ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசையினருக்கு, தனி ஒருவர் பெயரைச் சொல்லாமல், வரிசை முழுவதற்குமாகத் தரப்படும் விருது அது. முதல் ஆண்டு அதுவும் அலபாமாவுக்கே போனது. நடந்தது ஒரே செயல். ஒரு விருது அதை ஒரு மனிதருடையது என்கிறது, இன்னொன்று ஒரு கூட்டத்தினுடையது என்கிறது. பலர் சேர்ந்து செய்யும் செயலுக்குக் கர்த்தா யார் என்ற பழைய தத்துவக் கேள்வி இவ்வளவு தெளிவாக எழும் இடங்கள் குறைவு. ஒரு கல்லூரி அணிக்கு ஓட்ட ஆட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு என்னிடம் உள்ள விடையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓட்ட ஆட்டம் பதினொரு தனி மனிதர்களை ஒரே கர்த்தாவாக்குகிறது. அதுதான் அதன் முதன்மையான பயன், கஜக் கணக்கு அதற்கு அடுத்ததுதான் என்பது என் வாதம்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது உலகம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேற வழி இரண்டு: பந்தை எறிந்து பிடிப்பது, அல்லது கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. ஓட்டத்தில் முன்வரிசையின் ஐந்து பேரும் எதிராளிகளை மோதி விலக்கி ஒரு சந்து உண்டாக்குவார்கள். சந்து ஒரு கணம்தான் திறந்திருக்கும், ஓடுபவர் அதற்குள் நுழைந்தாக வேண்டும். இந்த ஐவரும் முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. 50 முதல் 79 வரையான எண்களை அணிந்து, பந்து தங்களுக்கு வராது என்று தெரிந்தே ஆடுகிறார்கள். ஹைஸ்மன் கோப்பை 1935 முதல் வழங்கப்படுகிறது. முன்வரிசைத் தடுப்பாளர் எவரும் இதுவரை அதைப் பெற்றதில்லை. 1973இல் ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் பென் ஸ்டேட்டின் ஓட்டக்காரர் ஜான் கப்பெலெட்டி.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஓர் ஓட்டத்தில் 6 கஜம் கிடைத்தால் அதில் யாருக்கு எவ்வளவு? ஓடியவருக்கு 2, முன்வரிசைக்கு 4 என்று பிரித்துவிடலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் அறக் கணக்கில் நாம் செய்யும் ஐந்து பிழைகளை ஆராய்ந்தார். அவற்றில் முதல் பிழை இந்தப் பங்கு பிரிப்புத்தான். சுரங்கத்தில் நூறு பேர் சிக்கியிருக்கிறார்கள். நான்கு பேர் மேடையில் ஏறி நின்றால் அந்த எடையில் சிக்கியவர்கள் மேலே வந்துவிடுவார்கள். நால்வரும் நின்றால் ஆளுக்கு இருபத்தைந்து உயிரைக் காப்பாற்றியதாகக் கணக்கு எழுதலாமா என்று கேட்டார் அவர். நான்காமவர் நிற்காவிட்டால் ஒரு உயிர்கூடப் பிழைத்திருக்காது என்னும்போது அந்த இருபத்தைந்துக்கு என்ன பொருள்? முன்வரிசையும் இந்த வகைதான். தேர் இழுப்பது அப்படியல்ல: வடத்தில் ஆயிரம் கைகள் இருக்கின்றன, ஒரு கை விட்டாலும் தேர் நகரும். அங்கே என் இழுப்பு உதவியது என்று சொல்லலாமே தவிர அது இல்லாமல் முடியாது என்று சொல்ல முடியாது. முன்வரிசையில் ஒருவர் அரை அடி தவறினால் சந்து அடைபட்டுவிடும், மற்ற நால்வரின் உழைப்பும் அத்தோடு போயிற்று. ஒவ்வொருவரும் முழுச் செயலுக்கும் தேவை, ஆனால் ஒருவருக்கும் முழுச் செயல் சொந்தமில்லை.

நம் மரபில் இதற்கு நெருக்கமான சிந்தனை கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. எந்தச் செயலுக்கும் இருப்பிடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்களைக் கூறி, தான் மட்டுமே கர்த்தா என்று நினைப்பவன் சரியாகக் காணவில்லை என்கிறது. ஆத்மா செயலற்றது என்று நிறுவ வேதாந்திகள் இந்த இடத்தை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு இங்கே அவசியமில்லை. செயல் ஒரு முடிச்சு, செய்பவன் அதன் ஓர் இழை என்ற அளவு போதும். டெக்சஸ் பல்கலைக்கழகம் 1968இல் விஷ்போன் என்ற அமைப்பில் ஆடிய மும்முனை ஓட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதில் யார் பந்தோடு ஓடப்போகிறார் என்பதை யாரும் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரரை நோக்கிப் பாய்ந்தால், பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அதைத் தானே வைத்துக்கொள்வார், பாயாவிட்டால் ஃபுல்பேக்கிடம் கொடுத்துவிடுவார். தானே ஓடும்போது இன்னொருவர் வழிமறித்தால் பக்கத்தில் ஓடிவரும் மூன்றாமவருக்குத் தட்டிவிடுவார். எதிராளியின் அசைவும் இங்கே செயலின் காரணங்களில் ஒன்றாகிவிடுகிறது. பெயர் பதிவேட்டில் ஏறப்போவது யார் என்று தெரியாமலே பதினொரு பேரும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். அந்த அமைப்போடு டெக்சஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது.

புள்ளிவிவரம் தெரிந்தவர்களின் மறுப்பு வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. எறிந்து ஆடுவது ஒரு முயற்சிக்கு அதிகக் கஜம் தருகிறது. வென்ற அணிகள் நிறைய ஓடியிருப்பதும் உண்மைதான், ஆனால் முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்க ஓடுகிறது. அங்கே ஓட்டம் வெற்றியின் விளைவு, காரணம் அல்ல. 1971இல் ஓக்லஹோமா ஆட்டத்துக்குச் சராசரியாக 472 கஜம் ஓடியது, அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. அந்த அணியும் நெப்ராஸ்காவிடம் 35க்கு 31 என்று தோற்று நாட்டில் இரண்டாம் இடத்தோடு நின்றது. 2019இல் எல்எஸ்யூ பல்கலைக்கழக அணியின் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் எறிந்தார், 15 ஆட்டங்களில் ஒன்றிலும் அணி தோற்கவில்லை. இவற்றை எல்லாம் ஏற்கிறேன். ஓட்டக் கணக்கே நம்பகமானதா என்ற சந்தேகமும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் எறிய நின்ற குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வைத்தே வீழ்த்தினால், அந்த இழப்பை ஓட்டக் கஜத்திலிருந்துதான் கழிக்கிறார்கள். ஆகவே கஜத்தை வைத்து மட்டும் ஓட்டத்துக்காக வாதாடுபவர் தோற்பார்.

நான் சொல்லும் முக்கியத்துவத்தைக் காண 2023 நவம்பரில் மிச்சிகன் பென் ஸ்டேட்டைச் சந்தித்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மிச்சிகனின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இடைநீக்கத்தில் இருந்தார். அரங்கில் லட்சத்துக்கு மேற்பட்ட எதிரணி ரசிகர்கள். பொறுப்பேற்றிருந்த ஷெரோன் மூர் அதுவரை முன்வரிசைக்கும் பயிற்சி கொடுத்தவர். பிற்பாதியில் மிச்சிகனின் கணக்கில் ஒரு பாஸ் முயற்சிகூட ஏறவில்லை. ஓடப்போகிறார்கள் என்று எதிரணிக்குத் தெரியும், அரங்குக்கும் தெரியும். எறிந்து ஆடுவதற்கு எதிராளியை ஏமாற்றுவது பெரிய பலம். இங்கே ஏமாற்ற எதுவும் மிச்சமில்லை. எதிரே நிற்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்ல, உடல் வலிமையில் சளைத்தவர்களும் அல்ல. அப்படியிருந்தும் முன்னேற முடிந்தது என்றால், ஐந்து பேரும் ஒரே கணத்தில் ஒரே எண்ணத்தோடு அசைந்ததே அதற்கு வழி செய்தது. மிச்சிகன் 24க்கு 15 என்று வென்றது, பருவ முடிவில் தேசியப் பட்டத்தையும் எடுத்தது. தலைவர் இல்லாதபோது ஓர் அணி எதைப் பற்றிக்கொள்கிறது என்பதில் அது தன்னை எப்படி நினைக்கிறது என்பது வெளிப்படுகிறது.

இன்னொரு மறுப்பு: எறிந்து ஆடுவதும் கூட்டுச் செயல்தானே, அங்கும் அதே ஐவர்தான் காவல் நிற்கிறார்கள்? உண்மை. ஆனால் காவல் உடைந்த பிறகும் ஒரு மேதை அந்த முயற்சியைக் காப்பாற்றிவிட முடியும். ஓட்டத்தில் சந்து திறக்காவிட்டால் அப்படி ஒருவர் காப்பாற்றுவது அரிது, பலமெல்லாம் சேர்ந்து அசைவதில்தான். 2018 செப்டம்பரில் ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டின் ஆர்மி அணி ஓக்லஹோமாவின் சொந்த அரங்கில் ஆடியது. ஓக்லஹோமாவில் அந்த ஆண்டு ஹைஸ்மன் வெல்லப்போகும் கைலர் மரே இருந்தார். ஆர்மி மாணவர்களோ பட்டம் பெற்றதும் ராணுவப் பணிக்குப் போக வேண்டியவர்கள். உடல் எடைக்கும் கட்டுப்பாடு உண்டு, பெருத்த முன்வரிசையைத் திரட்ட முடியாது. அவர்கள் மும்முனை ஓட்டத்தை ஆடி, 60 நிமிடத்தில் சுமார் 45 நிமிடம் பந்தைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். கூடுதல் நேரத்தில் 28க்கு 21 என்று தோற்றார்கள். தோல்வியை வெற்றியாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் தனித்தனியாக எடைபோட்டால் எந்த இடத்திலும் ஈடாகாதவர்கள், அந்தப் பெரிய அணியைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றார்கள். தனித்தனித் திறமைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக ஏதோ அங்கே களத்தில் இருந்தது. கல்லூரி அணிக்கு இது தொழில்முறை அணியைக் காட்டிலும் அவசியம். மாணவர் நான்கைந்து ஆண்டில் போய்விடுகிறார், இப்போது இடையிலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதும் எளிதாகிவிட்டது. அணியை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஓட்ட மேதைகளும் உண்டே என்பார்கள். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 11 ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார். ஓர் ஓட்டத்தின் கடைசி 20 கஜம் அவர் உண்டாக்கியது என்று சொல்லலாம். முதல் 2 கஜத்தை அப்படிச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. பலர் ஓருடலாவது உயர்ந்தது என்றால், இந்த ஆட்டம் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது, அது ஆளைக் கொன்றது. 1892இல் ஹார்வர்ட் அணி பறக்கும் ஆப்பு என்ற உத்தியைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் ஆப்பு வடிவில் திரண்டு, வேகமெடுத்து ஓடிவந்து ஒரே இடத்தில் மோதுவார்கள். இரண்டே ஆண்டில் அதைத் தடை செய்தார்கள், ஆனால் கூட்டமாக முட்டி மோதும் ஆட்டம் நிற்கவில்லை. சாவுகள் பெருகியதால் 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906இல் அனுமதித்ததே ஆட்டத்தைப் பரவலாக்கி இந்த நெரிசலைக் குறைக்கத்தான். ஆக எறிதல் வந்தது உயிர்களைக் காக்க; ஓட்டத்தைப் புகழ்பவர் இதை மறக்கக் கூடாது. 1910இல் வந்த விதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தடுப்பவர்கள் கைகோத்துச் செல்லக் கூடாது, ஓடுபவரைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று அப்போது விதித்தார்கள். ஒவ்வொருவரும் தன் காலில் நிற்க வேண்டும், ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்ளாமல் சேர்ந்து அசைய வேண்டும் என்றாயிற்று. ஆப்பில் மனிதன் எடையாக மட்டுமே இருந்தான். விதி வந்த பிறகு அவன் எதிராளியைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்று அறிந்து, தன் அடியைத் தானே எடுத்து வைக்க வேண்டியவனானான். நான் கூட்டுக் கர்த்தா என்று சொல்வது இந்த இரண்டாவதை மட்டுமே. தனி மனிதனைக் கரைத்துவிட்டு உருவாகும் கூட்டத்துக்கு அறம் கிடையாது.

உடலுக்கு வரும் சேதம் இதனால் தீர்ந்துவிடவில்லை. முன்வரிசையினர் ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் மோதுகிறார்கள். மயக்கம் வராத சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைக் கெடுக்கக்கூடும் என்பதை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்த ஆட்டக்காரர்களின் மூளைகளைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பெயர் கிடைக்காதவர்களே அதிகம் அடிபடுகிறார்கள் என்ற இந்த உண்மை என் வாதத்தை உடைக்காது, ஆனால் அதன்மேல் ஒரு கடனை ஏற்றுகிறது. செயல் அணியினுடையது என்றால் அதன் காயமும் அணியினுடையது. படிப்பு முடிந்து பத்தாண்டு கழித்து வரும் மறதியும் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். கோப்பையை மட்டும் நிறுவனம் வைத்துக்கொண்டு, வலியைத் தனிமனிதன் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்பது, நூறு உயிரைக் காப்பாற்றிய பெருமையை நால்வர் பெயரிலும் எழுதிவிட்டு மேடை சரிந்து உடைந்த காலை ஒருவனுக்கு மட்டும் எழுதுவது போன்றது.

இந்தக் கேள்வி இப்போது பணமாக வந்து நிற்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. பிரிக்க முடியாத செயலை டாலரில் பிரித்தே ஆக வேண்டிய இடம் இது, தவிர்க்க வழியில்லை. சந்தை விலைப்படி பிரிப்பதே நியாயம் என்பவர்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு. நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அரிது, அரிதானதற்கு விலை கூடும். ஆனால் ஒருவர் எவ்வளவு அரிதானவர் என்பதும் அவர் எவ்வளவு செய்தார் என்பதும் வேறு வேறு அளவுகள். முதலாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரே வழியைத் திறந்த ஐவருக்கும் அதில் ஓடியவருக்கும் அடிப்படைத் தொகை ஒன்றாகவே இருக்கட்டும். அதற்கு முன்பாக, எல்லாருடைய பிற்கால மருத்துவச் செலவுக்கும் ஒரு நிதியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிரிக்கட்டும்.